ஒரு நோயும் பல ஆய்வு முறைகளும்

பல்கலைக்கழகத் துறைகளை அவை எதை ஆராய்கின்றன என்பதைக் கொண்டு பிரித்துச் சொல்வது வழக்கம். உயிரியல் உயிர்களை ஆராய்கிறது, மருத்துவம் நோய்களை ஆராய்கிறது, வரலாறு கடந்த காலத்தை ஆராய்கிறது என்ற இந்தப் பகுப்பு, ஒரே பொருளைப் பல துறைகள் கையிலெடுக்கும்போது போதாமற்போகிறது. அப்போது ஒவ்வொரு துறையும் அப்பொருளிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது, கிடைக்கும் விடையில் பிழை எந்த வழியாக நுழையக்கூடும் என்று ஐயுறுகிறது, அந்த வழியை அடைக்க என்ன ஏற்பாடு செய்துகொள்கிறது என்பவையே துறைகளை வேறுபடுத்துகின்றன. இதைத் தெளிவாகக் காட்டும் பொருள்களுள் ஒன்று காசநோய். நுண்ணுயிரியல், மருத்துவப் புள்ளியியல், சமூகவியல், வரலாறு, மரபணுவியல் ஆகிய அனைத்தும் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்த நோயை ஆராய்ந்து வந்துள்ளன. அந்த ஆய்வுகளுள் உலகின் மருத்துவ நடைமுறையையே மாற்றிய சில, சென்னையிலும் அதையொட்டிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் நடந்தவை.

நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று இராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தபோது, அவர் முன்வைத்த சான்று மூன்று படிகளைக் கொண்டிருந்தது. நோயுற்ற திசுவில் அந்தக் கிருமியைச் சாயமேற்றிக் காட்டுவது முதற்படி. அதை உடலுக்கு வெளியே, வேறு எந்த உயிரும் கலவாமல் தனியே வளர்ப்பது இரண்டாம் படி. அவ்வாறு வளர்த்ததை நலமான விலங்குக்குச் செலுத்தி அதே நோயை வரவழைப்பது மூன்றாம் படி. நோயுற்ற திசுவில் ஒரு கிருமி காணப்படுவதாலேயே அது நோயின் காரணம் என்று ஆகிவிடாது. நோயின் விளைவாகவும் அது அங்கு வந்து குடியேறியிருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே பின்னிரண்டு படிகளும் தேவைப்பட்டன. இவற்றுள் கடினமானது வளர்ப்பதுதான். பெரும்பாலான கிருமிகள் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகிவிடும். காசநோய்க் கிருமியோ ஒரு முறை இரண்டாகப் பிரிவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்வதால், வெப்பத்தால் உறையவைத்த குருதிநீரின் மேல் அது சிறு செதில்களாகத் தென்பட இரண்டாவது வாரம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கமான கெடுவுக்குள் குழாயைக் கழுவி வைத்துவிடும் ஆய்வாளருக்கு அது இல்லாத கிருமியாகவே இருந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தின் இந்த விடை ஐயமற்றது, ஆயினும் முழுமையானதன்று. கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் என்றேனும் நோயாளிகளாகிறார்கள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. ஆனால் கிருமி மட்டுமே காசநோயை உண்டாக்கிவிடுவதும் இல்லை. இவருக்கு வந்த நோய் அவருக்கு ஏன் வரவில்லை, வந்தவரை எப்படிக் குணப்படுத்துவது என்ற கேள்விகளுக்கு நுண்ணோக்கியில் விடை கிடைக்காது.

இரண்டாவது கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை சானடோரியம். நகரின் நெரிசலிலிருந்து விலகிய இடம், தூய காற்று, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, சத்தான உணவு ஆகியவை நோயைத் தணிக்கும் என்று நம்பப்பட்டது. அங்கே சென்றவர்களில் பலர் குணமடைந்ததும் உண்மை. ஆனால் அங்கே சென்றவர்கள் யார் என்று பார்த்தால், செல்லும் வசதி படைத்தவர்கள், பயணத்தைத் தாங்கும் உடல்நிலையில் இருந்தவர்கள், நோய் முற்றுவதற்கு முன்பே மருத்துவரை அணுகியவர்கள். அவர்கள் பிழைத்ததற்குக் காரணம் காற்றா, உணவா, முன்னரே அவர்களிடமிருந்த நல்வாய்ப்பா என்று பிரித்தறிய வழியில்லை. மனிதர்களை ஆராயும்போது பிழை நுழையும் முதன்மையான வாயில் இதுவே: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளியாகவோ மருத்துவராகவோ இருக்கும்வரை, தேர்வின் விளைவும் சிகிச்சையின் விளைவும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும்.

தேர்வை மனிதர் கையிலிருந்து எடுத்துத் தற்செயலிடம் ஒப்படைப்பதே இதற்குப் புள்ளியியலாளர்கள் கண்ட வழி. சமவாய்ப்பு முறையில் பிரித்தல் எனப்படும் இம்முறையில், எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை எழுந்தமான எண்களின் வரிசை முடிவு செய்கிறது. தெரிந்த வேறுபாடுகள் மட்டுமின்றி, எவரும் எண்ணிப் பார்த்திராத வேறுபாடுகளும் இதனால் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இம்முறையின் முன்னோடி. ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் வகுத்த அந்த ஆய்வில் 107 நோயாளிகள் இருந்தனர். யாருக்கு மருந்து என்பது முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனுக்கு அமெரிக்க மருந்தைப் போதிய அளவில் வாங்க அந்நியச் செலாவணி இல்லாததால், எல்லோருக்கும் கொடுக்க இயலாத மருந்தைச் சமவாய்ப்பில் கொடுப்பது அறத்துக்கு மாறானதன்று என்று ஆய்வாளர்கள் வாதிட முடிந்தது.

எட்டாண்டுகளுக்குப் பின் சென்னையில் இருந்தது வேறொரு பற்றாக்குறை. மருந்துகள் வந்துவிட்டன, படுக்கைகள் இல்லை. இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலுமாகச் சேர்த்து இருந்த இடங்கள் அதில் சிறு பங்கினருக்கே போதுமானவை. ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகளையும் வீட்டிலிருந்தபடியே உட்கொண்டால் நோய் குணமாகுமா, அவ்வாறு வீட்டில் இருப்பவரால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடுமா என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் ஆய்வுகளை வழிநடத்தினார். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது இம்மையத்தின் வளர்ச்சியே.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மறுபிரிவினர் தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே. மற்ற எல்லாமே வேறு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான அறைகளில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு, மருந்து உட்கொண்டனர். இந்த ஆய்வைக் குலைக்கக்கூடிய பிழை எங்கிருந்து வரும் என்பதை வகுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்: வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையாகவே விழுங்கினாரா என்பது யாருக்குத் தெரியும்? எனவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பெற்றுப் பரிசோதித்தனர். பி.ஏ.எஸ். உட்கொண்டவரின் சிறுநீரோடு இரும்புக் குளோரைடு சேர்ந்தால் நிறம் மாறும். ஓராண்டுக் காலச் சிகிச்சையைப் பற்றிய பெரிய முடிவொன்று, ஒரு குடிசை வாசலில் நின்று சோதனைக்குழாயில் பார்த்த நிறத்தையும் நம்பியிருந்தது என்பது மருத்துவ ஆய்வின் தன்மையை நன்கு உணர்த்துகிறது.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கிய நிலையை ஆண்டிறுதியில் எட்டியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. இந்தச் சிறு இடைவெளி, இரு சூழ்நிலைகளுக்கும் இடையே இருந்த பெரும் வேறுபாட்டோடு ஒப்பிட எதிர்பாராதது. சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது. ஆனால் அந்த எடை குணமடைதலைப் பெரிதாக மாற்றவில்லை. குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்கு நோய் கூடுதலாக வரவில்லை என்றும், நோயறியப்படுவதற்கு முன்பிருந்த மாதங்களே அவர்களுக்கு உண்மையான ஆபத்துக் காலம் என்றும் தெரிந்தது. சானடோரியத்தை மையமாகக் கொண்ட காசநோய் மருத்துவம் உலகெங்கும் தளர்வதற்கு இந்த ஆய்வு ஒரு வலுவான காரணமாயிற்று. மருந்தை வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் கொடுத்துப் பார்த்து இதே மையம் 1964-இல் வெளியிட்ட ஆய்வு, நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னாளில் பரவிய முறைக்கு வித்திட்டது.

சமவாய்ப்பு முறை இவ்வளவு வலிமையுடையது என்பதாலேயே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது ஓரிடத்தில், ஒரு காலத்தில், குறிப்பிட்ட மக்களிடம் நடந்ததைத்தான் உறுதியாகச் சொல்கிறது. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பள்ளிச் சிறாரிடையே தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், அந்த ஊசி நோயை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைத்தது. அதே தடுப்பூசி 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில், லட்சக்கணக்கான மக்களைக் கொண்ட மாபெரும் ஆய்வில் சோதிக்கப்பட்டது. ஊசி போடுபவருக்கும் பெறுபவருக்கும் உள்ளிருப்பது தடுப்பு மருந்தா, மருந்தில்லாத நீர்மமா என்பது தெரியாதபடி அது வகுக்கப்பட்டிருந்தது. ஏழரை ஆண்டுகளின் முடிவிலும் சரி, பதினைந்து ஆண்டுகளின் முடிவிலும் சரி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து அந்த ஊசி பாதுகாப்பு அளிக்கவில்லை. இரண்டு ஆய்வுகளும் பெரியவை, இரண்டும் கவனமாக நடந்தவை. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவினங்களான பிற கிருமிகள் மக்களின் உடலை முன்கூட்டியே பழக்கிவிடுவதால் ஊசியின் கூடுதல் பயன் மறைந்துவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஊசியின் பயன் கூடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள் கண்டது இதற்கு இசைவாக உள்ளது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களை ஊசி தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருப்பதால் அது இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஒரு நாட்டில் மெய்ப்பிக்கப்பட்டதை இன்னொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது என்பதற்குச் செங்கல்பட்டைவிடத் தெளிவான சான்று மருத்துவ வரலாற்றில் அரிது. எதிர்பார்த்த பயன் கிடைக்காத முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியவர்கள்.

வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று தெரிந்த பிறகும், நோயாளி மருத்துவரிடம் வந்து சேர வேண்டும். கிராமத்து மக்கள் அறியாமையால் வருவதில்லை என்பது அக்காலத்தில் அதிகாரிகளிடையே பரவலாக இருந்த எண்ணம். பெங்களூரில் 1959-இல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் இந்த எண்ணத்தையே ஆய்வுப் பொருளாக்கினர். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோய் கண்டறியப்பட்டவர்களை நேரில் சந்தித்து, உடலில் என்ன மாற்றம் தெரிந்தது, அதைப் பற்றிக் கவலைப்பட்டார்களா, யாரிடம் போனார்கள் என்று பேசிப் பதிவு செய்தனர். 1963-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது அதிகாரிகளின் எண்ணத்துக்கு நேர்மாறானது. நோயாளிகளில் பெரும்பாலோர் தம் உடல்நிலையை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றிருந்தனர். அங்கே சளிப் பரிசோதனை நடக்காமல், ஒரு புட்டி இருமல் மருந்தோடு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். குறை மக்களிடம் இல்லை, மருத்துவ நிலையத்தில் இருந்தது. சமவாய்ப்பு ஆய்வு எதுவும் இதைக் கண்டறிந்திருக்க முடியாது. ஏனெனில் அத்தகைய ஆய்வு, நோயாளி மையத்துக்குள் வந்த பிறகே தொடங்குகிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒருவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதைச் சான்று சேகரிப்பாக ஏற்காத மனப்பான்மை மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் உண்டு. நாட்டின் காசநோய்த் திட்டம் தனி முகாம்களை நம்பியிராமல் பொது மருத்துவ நிலையங்களோடு இணைக்கப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு இருந்ததை அத்தகைய மனப்பான்மை கொண்டவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரலாற்றாய்வுக்குப் பரிசோதனையும் இல்லை, நேர்காணலும் இல்லை. அதற்குக் கிடைப்பவை யாரோ எப்போதோ வேறு நோக்கத்துக்காக எழுதிவைத்த பதிவுகள். பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் மெக்கியூன், இங்கிலாந்தில் 1830-களின் இறுதியில் தொடங்கும் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, காசநோய் இறப்புகளின் வீழ்ச்சியில் பெரும்பகுதி ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது என்று காட்டினார். பிற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, எஞ்சியிருக்கும் காரணம் மேம்பட்ட உணவே என்று 1976-இல் வெளியான தம் நூலில் முடிவு கட்டினார். வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் 1988-இல் இம்முடிவை மறுத்தார். அக்கால மருத்துவர்கள் ஓர் இறப்பைக் காசநோய் என்று எழுதினார்களா, மூச்சுக்குழல் அழற்சி என்று எழுதினார்களா என்பது பழக்கத்துக்கேற்ப மாறிவந்ததால், பதிவேட்டில் காணும் வீழ்ச்சியை அப்படியே நோயின் வீழ்ச்சியாகக் கொள்ள முடியாது என்பதும், நகராட்சிகள் போராடிப் பெற்ற துப்புரவு, வீட்டுவசதிச் சீர்திருத்தங்களைக் கணக்கில் சேர்க்காமல் உணவுக்கு முழுப் பெருமையையும் தரலாகாது என்பதும் அவர் வாதங்கள். எழுதியவர் யார், எந்தச் சொல்லை எந்த வழக்கப்படி எழுதினார் என்று ஆவணத்தையே விசாரிப்பதுதான் வரலாறு தன் பிழையைப் பிடிக்கும் முறை.

அந்த விசாரணை தனிமனிதர் அளவிலும் நடக்கும். கணிதமேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்று 1917-இல் மெண்டிப் குன்றுகளில் இருந்த சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அதை நடத்தியவர், பின்னர் 1928-இல் தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய தமிழ் மருத்துவர் சௌரி முத்து. 1920 ஏப்ரல் 26 அன்று இறந்த இராமானுஜனைக் கொன்றது காசநோய் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. டி.ஏ.பி. யங் என்பவர் எஞ்சியிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், விட்டுவிட்டு வந்த காய்ச்சலின் போக்கையும் முன்னர் அவருக்கு வந்திருந்த சீதபேதியையும் காட்டி, கல்லீரலில் பரவிய அமீபா நோயாகவே அது இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். உடலைச் சோதிக்க வழியில்லாத நிலையில் இதை முடிந்த முடிவென்று கொள்ள இயலாது. ஆயினும் மருத்துவ அறிவும் ஆவண வாசிப்பும் ஒரே கையில் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட கேள்வியை எழுப்பவாவது முடிகிறது.

எலும்புகள் எஞ்சியிருக்குமானால் மரபணுவியலும் வரலாற்றுக்குள் நுழைகிறது. பெருவில் கிடைத்த ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையான எலும்புக்கூடுகளிலிருந்து பிரித்தெடுத்த கிருமியின் மரபணுத் தொகுதி 2014-இல் வெளியிடப்பட்டபோது, அது ஐரோப்பியக் கிருமியை ஒத்திராமல் கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் தாக்கும் கிருமிக்கு நெருங்கியதாக இருந்தது. கொலம்பசுக்கு முன்பே அமெரிக்காவில் காசநோய் இருந்தது எப்படி என்ற பழைய புதிருக்கு அதனால் ஒரு விடை கிடைத்தது. அதே ஆய்வு, இன்றுள்ள காசநோய்க் கிருமிகள் அனைத்தின் பொது மூதாதையின் வயது ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் குறைவு என்று கணித்தது. இஸ்ரேல் கடலோரத்தில் கிடைத்த ஒன்பதாயிரம் ஆண்டு பழமையான எலும்புகளில் காசநோயின் தடயத்தைக் கண்டதாக 2008-இல் அறிவித்தவர்களின் முடிவோடு இது பொருந்தவில்லை. மரபணு மாறும் வேகத்தை எவ்வாறு கணக்கிடுவது, புதைமண்ணில் வாழும் பிற கிருமிகளின் கலப்பை எவ்வாறு விலக்குவது என்பவற்றைச் சார்ந்தே இந்தக் கருத்து மோதல் தீர வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, முரண்போலத் தோன்றும் ஒரு செய்தி எஞ்சுகிறது. 1959-இன் சென்னை ஆய்வு, மருந்து இருந்தால் உணவு பெரிய வேறுபாட்டைச் செய்யாது என்றது. மெக்கியூன், மருந்து இல்லாமலே உணவு நோயை விரட்டியது என்றார். இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். சென்னையில் கேட்கப்பட்டது நோயுற்றவர் மருந்தால் கிருமியை வெல்வாரா என்பது. மெக்கியூன் கேட்டது ஒரு நாட்டில் நோயும் இறப்பும் ஏன் குறைந்தன என்பது. தொற்று உள்ள ஒருவர் நோயாளியாக மாறுவதை உணவு தடுக்குமா என்ற இடைப்பட்ட கேள்வியை இருவருமே நேரடியாகச் சோதிக்கவில்லை. அதைச் சோதித்தது ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரில், ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசியும் துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. மறுபிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. குடும்பத்தார்க்கும் உணவு தரப்பட்ட வீடுகளில் புதிதாக வந்த காசநோய் 39 விழுக்காடு குறைவாக இருந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு குறைவு. நோயாளிகளிடையே, சிகிச்சையின் முதலிரண்டு மாதங்களில் எடை கூடியவர்கள் இறப்பது குறைந்திருந்ததையும் இதே ஆய்வு பதிவு செய்தது.

சான்றுகளை ஒரே ஏணியில் அடுக்கி, உச்சியில் சமவாய்ப்பு ஆய்வையும் அடியில் நேர்காணலையும் ஆவண ஆய்வையும் வைப்பது மருத்துவத்துறையில் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஏணி சரியானது. ஆனால் நோயாளி ஏன் திரும்பி வரவில்லை, பழைய பதிவேட்டின் எண்களை எவ்வளவு நம்பலாம், கிருமி எப்போது மனிதரிடம் வந்தது என்பன போன்ற கேள்விகளுக்கு அதே ஏணியைச் சாத்துவது தவறு; அந்தத் தவற்றின் விளைவாக நிதியும் மதிப்பும் ஒரே பக்கம் குவிந்து, தும்கூரில் நடந்ததைப் போன்ற ஆய்வுகளைச் செய்யத் தெரிந்தவர்கள் அருகிவருகின்றனர். ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று எண்ணி எல்லாத் துறைகளையும் அளக்கும் இன்றைய வழக்கம் இதை மேலும் மோசமாக்குகிறது. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுதோறும் எழுதிக் குவிக்கும் துறைக்கும், ஓர் ஆவணத் தொகுப்பை முடிக்கவே பத்தாண்டு தேவைப்படும் துறைக்கும் அந்த எண்ணிக்கை ஒரே பொருளைத் தருவதில்லை.

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம், இந்தத் துறைகளின் முடிவுகள் ஒரே மேசையில் சந்திக்கும் இடமாக அமைந்திருக்கிறது. காசநோய் உறுதியான உடனே, மருந்துச்சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், செவிலியர் நோயாளியின் உயரத்தையும் எடையையும் அளந்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடுகிறார். கால் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறார் என்று எண்ணுகிறார். விரலில் கருவியை மாட்டிக் குருதியில் உள்ள ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறார். துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். மிகவும் மெலிந்தவர்களும் மூச்சுத் திணறுபவர்களும் எழுந்து நிற்க இயலாதவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மருந்தோடு ஊட்ட உணவும் பெறுகிறார்கள். மற்றவர்கள், 1959 முதல் தெரிந்திருப்பதைப் போல, வீட்டிலிருந்தபடியே சிகிச்சையைத் தொடர்கிறார்கள்.